ரீவியைத் திருத்துங்கள், பிரிட்ஜை விடுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். 2019இல் வாங்கிய 43 அங்குல ரீவியில் போன மாதத்திலிருந்து சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை. வந்து பார்த்தவர் 28,000 ரூபா கேட்கிறார். அதே அளவில் புது ரீவி 110,000 என்று கடையில் சொன்னார்கள். 2009இல் வாங்கிய இரட்டைக் கதவு பிரிட்ஜுக்கு இரண்டு வருடத்துக்குள் இரண்டு தடவை காஸ் அடித்தாயிற்று. மறுபடியும் அடிக்க வேண்டுமாம், 16,000. கரண்ட் பில் மாதம் 130 யூனிட் அளவில் வருகிறது. என் போனும் நாலு வருடப் பழசு, மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகன், “எல்லாத்தையும் எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குங்கோ, காசு அனுப்புறன்” என்கிறான். இவரோ ஒன்றையும் எறிய விடமாட்டார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ரீச்சர், ரீவியைத் திருத்துங்கள், போனுக்குப் பற்றரி மாற்றுங்கள், பிரிட்ஜை விட்டுவிடுங்கள். முதல் இரண்டிலும் நான் ஐயா பக்கம், பிரிட்ஜில் தம்பி பக்கம். வீட்டில் சண்டை வராத மாதிரிப் பங்கு பிரித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

தம்பி சொல்வதில் பிழையில்லை, அவர் இருக்கிற ஊருக்கு அது சரி. அங்கே ஒரு ரெக்னீசியன் வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பதற்கு வாங்கும் காசே புது ரீவி விலையில் நல்ல பங்கைத் தின்றுவிடும். கொழும்புக் கணக்கு வேறு. இங்கே கூலி ரூபாவில், பார்ட்ஸ் டொலரில். நீங்கள் ரீவி வாங்கிய 2019இல் ஒரு டொலர் 180 ரூபாவுக்குக் கிட்ட நின்றது. 2022 மார்ச்சில் ரூபாவின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டார்கள், மே மாதமளவில் டொலர் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. இந்த இரண்டும் புதுச் சாமானின் விலையில் அப்படியே ஏறும். திருத்துகிற ஆளின் கூலியும் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் டொலரோடு சேர்ந்து ஓடவில்லை. வற் பதிவுக்குள் வராத சின்னக் கடை என்றால் அந்தக் கூலிக்கு வற்றும் கிடையாது.

அதனால் யாராவது திருத்த விலை சொன்னால், அதை உடனே இரண்டாகப் பிளந்து கேளுங்கள்: கைவேலைக்கு எவ்வளவு, பார்ட்ஸுக்கு எவ்வளவு? கைவேலை கூடவென்றால் கொழும்பில் திருத்துவது பெரும்பாலும் லாபம். பார்ட்ஸ் கூடவென்றால், அதுவும் அந்தப் பார்ட்ஸ்தான் சாமானின் உயிர் என்றால், பேசாமல் கும்பிட்டு அனுப்பிவிடலாம். ரீவிக்கு உயிர் படம் காட்டுகிற திரைத் தகடு, அதாவது பெனல். பிரிட்ஜுக்கு, குளிரூட்டுகிற காஸை அழுத்தி ஓடவைக்கிற கொம்பிரசரும் அந்தக் காஸ் ஓடுகிற குழாயும். சாமானுக்கு எத்தனை வயது என்பதை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் ரீவி. இன்றைக்கு இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். அறை லைட்டுகளை எல்லாம் அணைத்துவிட்டு ரீவியைப் போட்டு, ரோர்ச் லைட்டைத் திரைக்குக் கிட்டப் பிடித்து, சரிவாக அடியுங்கள். செய்தி வாசிக்கிறவரின் உருவம் நிழல் மாதிரி மங்கலாக அசைவது தெரிந்தால் பெனல் நன்றாக இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற பேக்லைட்தான் போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். சத்தம் இருந்து படம் இல்லாமல் வருகிற ரீவிகளில் அடிக்கடி பார்க்கிற பழுதே இதுதான். ஒன்றும் தெரியாவிட்டால் கோளாறு உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையான போர்டிலோ பெனலிலோ இருக்கலாம், அப்போது கதை மாறும்.

பேக்லைட் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெனலுக்குப் பின்னால் நீளப் பட்டிகளில் சின்னச் சின்ன எல்.ஈ.டி விளக்குகள் வரிசையாகத் தொடுத்திருக்கும். ஒன்றின் வழியாக ஓடுகிற கரண்ட்தான் அடுத்ததற்கும் போக வேண்டும். ஆகவே ஒரு விளக்கு எரிந்து அறுந்தால் அந்த வரிசையே அணையும், பல ரீவிகளில் அதைக் கண்டவுடன் பாதுகாப்புச் சுற்று மற்ற வரிசைகளையும் நிறுத்திவிடும். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துத்தான் விற்கிறார்கள், வீட்டில் யாரும் அதைக் குறைப்பதில்லை. அந்தச் சூட்டில் வருடக்கணக்காக எரிந்தால் இது நடக்கத்தான் செய்யும். பழுதாகிற பாகம் பெனல் விலையோடு பார்த்தால் மிகக் குறைவு. மிச்சமெல்லாம் கைவேலை. கொழும்பில் திருத்த வேண்டிய பழுது என்றால் இதுதான்.

அந்தக் கைவேலையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேக்லைட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பெனலைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். 43 அங்குலத்தில் ஒரு கண்ணாடித் தகடு, மெல்லியது, சட்டம் கழன்ற பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது. ஓரத்தில் பொலித்தீன் மாதிரி மெல்லிய நாடாக்கள் சில அதைப் போர்டோடு இணைக்கும். நாடாவில் ஒன்று மடிந்தாலோ இழுபட்டாலோ திரையில் நெடுக்குக் கோடு விழும், பிறகு அந்தக் கோட்டை எடுப்பது கஷ்டம். கவனமான ஆட்கள் இரண்டு பேராக நின்று, உறிஞ்சுகிற ரப்பர் கிண்ணத்தை ஒட்டித் தூக்கி, நுரைப் பாயில் கிடத்துவார்கள். தனி ஆளாக, உங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்கிறேன் என்று வந்தால் விடாதீர்கள். “கழற்றும்போது பெனல் உடைந்தால் யார் பொறுப்பு?” என்று முன்கூட்டியே கேளுங்கள். “அப்படி ஒன்றும் நடக்காது அம்மா” என்பது பதில் இல்லை. பொறுப்பு என்னுடையது என்றோ, உங்களுடையது என்றோ வாய்திறந்து சொல்கிறவரிடம் கொடுங்கள். இரண்டாவது பதிலும் நேர்மையான பதில்தான், அதற்கேற்ற மாதிரி விலை பேசலாம்.

28,000 என்பது பேக்லைட்டுக்கு மட்டும் என்றால் எனக்குக் கூடவாகத்தான் படுகிறது. போர்டையும் சேர்த்து மாற்றுவதாக நினைத்துச் சொல்லியிருக்கக்கூடும். பார்ட்ஸ் வேறு, கூலி வேறு என்று எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பட்டிகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பட்டிகளை முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். அறுந்த ஒரு விளக்கை மட்டும் ஒட்டித் தருகிறேன் என்பவருக்கு விலை குறையும், ஆனால் பக்கத்து விளக்குக்கும் அதே வயதுதானே? ஆறு மாதத்தில் மறுபடியும் பெனலைக் கழற்ற வேண்டி வரும். இன்னொரு இடத்திலும் விலை கேட்டுப் பாருங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. மாடல் நம்பரைச் சொல்லிப் பட்டியின் விலையை மட்டும் விசாரித்தாலே 28,000இல் பார்ட்ஸ் எவ்வளவு என்பது வெளிச்சமாகிவிடும்.

சரி, 28,000 என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம். திருத்த விலை புது விலையில் அரைவாசிக்கு மேல் போனால் விட்டுவிடு என்று ஒரு பொதுக் கணக்கு சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அது திருத்தின பிறகு எத்தனை வருடம் ஓடும் என்பதைக் கேட்பதே இல்லை. வருடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். புது ரீவி 110,000, ஏழு வருடம் ஓடும் என்று வைத்தால் வருடத்துக்கு 15,700 சொச்சம். திருத்திய பழசு ஒரு வருடம் பத்து மாதம் ஓடினாலே 28,000 அடைந்துவிடும், அதற்கு மேல் ஓடுவதெல்லாம் மிச்சம். பேக்லைட் செட்டாக மாற்றிய ரீவி அதற்கு மேலும் ஓட நல்ல வாய்ப்பு இருக்கிறது. இடையில் 82,000 உங்கள் கையிலோ தம்பியின் கையிலோ இருக்கும்.

புதுசுக்கு ஏன் பத்து வருடம் போடவில்லை என்று ஐயா கேட்பார். கடற்கரைப் பக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த உப்புக் காற்று பழைய ரீவியைத் தின்று புது ரீவியை விட்டுவைக்காது. மெரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் ஏசியின் வெளிப் பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே விளங்கும், அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் பொடியாகும். அதனால்தான் ரீவியின் பின்மூடி திறந்திருக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். போர்டில் இணைப்புகளின் கால்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் திருத்துவதற்கு யோசிப்பேன். இன்றைக்கு ஒரு இடத்தைச் சரிக்கட்டினால் நாளைக்கு இன்னொரு இடம் போகும். போர்டு சுத்தமாக இருந்தால் தயங்க வேண்டாம். திரும்பி வந்ததும் ரீவி மெனுவில் பேக்லைட்டை 60, 70 அளவுக்கு இறக்கி வையுங்கள். இரவில் கண்ணுக்கும் அதுதான் இதம்.

இதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் வேறு பழுது வந்தால் நிறுத்திவிடுங்கள். அப்போது “ஏற்கெனவே 28,000 போட்டிருக்கிறோமே” என்ற நினைப்பு வரும். அந்தக் காசு போய்விட்டது, அதை விடுங்கள். விட்டதைப் பிடிக்கப் போய்த்தான் பல வீடுகளில் ஒரு புது ரீவியின் விலையைத் தவணை தவணையாகப் பழைய ரீவிக்குக் கட்டி முடிக்கிறார்கள்.

கைவேலை கூடவென்றால் லாபம் என்றேன், ஆனால் சாமானின் விலையே சின்னது என்றால் அது பொருந்தாது. ரைஸ் குக்கரில் பெரும்பாலும் போவது சூட்டில் அறுகிற ஒரு சின்ன ஃபியூஸ். அதன் விலை ஒன்றுமே இல்லை, ஆனால் கடைக்குக் கொண்டுபோக ஓட்டோ, பார்க்கிற காசு, திரும்ப எடுத்துவர இன்னொரு ஓட்டோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அடுத்த தெருவில் ஒருவர் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் புதுசுதான்.

போனுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. லிதியம் பற்றரி தேய்கிற சாமான். சில நூறு தடவை முழுசாக ஏறி இறங்கினால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அப்பிள் நிறுவனமே ஐபோன் 14 வரையான போன்களுக்கு 500 தடவையில் 80 வீதம் என்றுதான் சொல்கிறது. நாலு வருடத்தில் அது என்றைக்கோ தாண்டியிருக்கும். புதுப் பற்றரி போட்டால் போன் பழையபடி ஓடும், அதைப் பெரிய நிறுவனங்களும் நன்றாக அறிந்திருக்கின்றன. பழைய பற்றரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 முடிவில் அப்பிள் ஒப்புக்கொண்டு, 2018 முழுவதும் பற்றரி மாற்றும் விலையை 79 டொலரிலிருந்து 29 டொலருக்கு இறக்கியது. 2019 ஜனவரியில் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த அளவுக்கு ஐபோன் விற்காததற்கான காரணங்களில் ஒன்றாக அந்த மலிவான பற்றரி மாற்றத்தையும் அப்போது அப்பிளை நடத்திய டிம் குக் சொன்னார். பற்றரி மாற்றினவர்கள் புதுப் போன் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். போனின் பின்புறம் லேசாக உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்தி நேரே கடைக்குக் கொண்டுபோங்கள். அடுத்தது, பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அது நின்று வருடக்கணக்கு என்றால், வங்கி வேலையைப் போனில் பார்க்கிறவர் என்றால், பற்றரிக்குக் காசு போடுவதில் எனக்கு மனம் இல்லை. அப்படிப் புதுசு வாங்க நேர்ந்தால், காசு கொடுக்க முன் ஐ.எம்.ஈ.ஐ என்கிற போனின் அடையாள இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பித் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பிரிட்ஜ். இதில் ஐயா என்னோடு கோபிக்கக் கூடாது. பிரிட்ஜில் காஸ் என்பது காருக்குப் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது, ஒழுகாவிட்டால் ஆயுள் முழுக்க அதே காஸ்தான். இரண்டு வருடத்துக்குள் இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. வந்தவர்கள் ஒழுக்கைத் தேடினார்களா, அல்லது காஸை மட்டும் அடித்துவிட்டுப் போனார்களா? தேடுவதென்றால் குழாயில் நைதரசன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். அகப்பட்டால் நல்லது. ஆனால் இப்படியான பிரிட்ஜ்கள் பலவற்றில் குழாயின் பெரும் பகுதி சுவர்த் தகட்டுக்கும் நுரைக்கும் நடுவே புதைந்திருக்கும். ஒழுக்கு அங்கே என்றால் பெட்டியை வெட்டாமல் கை வைக்க முடியாது. சாமானின் உயிர்நாடியே போய்விட்ட பழுது இது. 16,000 கொடுத்தாலும் திருத்தியதாகாது, அடுத்த ஒழுக்கு வரைக்கும் வாடகை கட்டியதாகத்தான் ஆகும்.

கரண்டையும் பார்க்க வேண்டும். காஸ் குறைந்த பிரிட்ஜில் கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும். இந்த வயதில், இந்த அளவில் உள்ளது நாளுக்கு 2 யூனிட், சிலவேளை அதற்கும் மேல் இழுக்கும். அதே அளவில் இன்வேட்டர் பிரிட்ஜ், அதாவது தேவைக்கேற்பக் கொம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிரிட்ஜ் ஒன்று 1 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். என் சொல்லை நம்ப வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ இரண்டு மூன்று நாள் போகிற சமயத்தில் பிரிட்ஜை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்து, போகும்போதும் வந்ததும் மீற்றரைக் குறித்துப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு யூனிட் என்றால் மாதம் 30. இதைப் பலர் சராசரி விலையில் பெருக்கிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. உங்கள் பில்லில் 91இலிருந்து 120 வரை ஒரு படி, 121இலிருந்து 180 வரை அதைவிடக் கூடின ஒரு படி. நீங்கள் மிச்சம் பிடிக்கிற 30 யூனிட்டும் மேல் படிகளில் இருந்துதான் கழியும். 130 யூனிட் 100 ஆனால் மாத நிலைக் கட்டணமும் கீழ்ப் படிக்கு இறங்கும். கட்டண வீதம் அடிக்கடி மாறுவதால் உங்கள் கடைசி பில்லையே எடுத்து வைத்துப் போடுங்கள். யூனிட் 40 ரூபா என்று வைத்தாலே மாதம் 1,200, வருடம் 14,400, நிலைக் கட்டணத்தில் குறைவது வேறு. இதோடு வருடம் ஒரு தடவை காஸுக்கு 16,000. பழசை வைத்திருப்பதற்கே வருடம் 30,000 போகிறது. புது பிரிட்ஜ் 150,000 என்றாலும் ஐந்து வருடத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். பாதியில் நின்றால் மீனும் இறைச்சியும் பழுதாகிற நட்டத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஆகவே தம்பி அனுப்புகிற காசு பிரிட்ஜுக்குப் போகட்டும். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாடலின் இன்வேட்டர் போர்டு என்ன விலை, இலங்கையில் கையிருப்பில் இருக்கிறதா? “கொம்பிரசருக்குப் பத்து வருட வாரண்டி” என்று கதவில் பெரிதாக ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அது கொம்பிரசர் என்ற ஒரு உருப்படிக்கு மட்டும்தான், காஸும் கூலியும் போர்டும் அதற்குள் வராது. உண்மையில் போகிறது போர்டுதான்: வோல்டேஜ் ஏறி இறங்கும், உப்புக் காற்று பிடிக்கும், சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி குறுக்கே விழுந்து தானும் செத்துப் போர்டையும் சாகடிக்கும். போர்டுக்கு எத்தனை மாதம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். முன்பு பல பில்களில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று அடித்திருந்தது ஞாபகமிருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்கள். கடைக்காரர் எழுதிக் கொடுத்ததை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

பிரிட்ஜுக்கும் பிளக்குக்கும் நடுவே மாட்டுகிற பாதுகாப்புப் பெட்டி, ‘பிரிட்ஜ் கார்டு’ ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்ததும் சில நிமிடம் பிந்தித்தான் அது பிரிட்ஜுக்குக் கரண்ட் விடும், அதற்குள் குழாயில் அழுத்தம் சமப்பட்டிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால்தான் நாடு முழுக்க இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அந்தக் குரங்கு மறுபடியும் வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பழைய பிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் எடுக்கிற கடையாகப் பாருங்கள், விலையிலும் கொஞ்சம் குறையும். போத்தல் பேப்பர்காரருக்குக் கொடுத்தால் கொம்பிரசரில் இருக்கிற செம்புக்காக வாசலிலேயே குழாயை வெட்டி, மிச்சக் காஸைக் காற்றில் விட்டுவிட்டுப் போவார். எக்ஸ்சேஞ்ச் கிடைக்காவிட்டால் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கொடுக்க முன் கதவைக் கழற்றி வைத்துவிடுங்கள், மாடிப்படியில் இறக்குகிறவர்களுக்கும் பாரம் குறையும், கீழே விளையாடுகிற பிள்ளைகள் உள்ளே புகுந்து கதவை மூடிக்கொள்ளவும் மாட்டார்கள்.